மே மாதத்தில் பூத்த ஊசிப்புல்

ஏறக்குறைய இரண்டு வருஷம் நான் என் நெருங்கிய தோழிக்குப் பொய் எழுதிக்கொண்டிருந்தேன். அத்தனை பொய்யும் புல்லைப் பற்றியவை. வேறெந்த விஷயத்திலும் அவளிடம் நான் பொய் சொன்னதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் எம்.எஸ்ஸி. தாவரவியல் ஒன்றாகப் படித்தவர்கள். ஆய்வகத்தில் இரண்டு வருஷமும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். அவள் மயிலாப்பூர் மாடவீதிப் பெண். நான் கே.கே. நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். என் டிபன் டப்பாவில் முட்டை இருக்கிற நாள்களில் “அந்தப் பக்கம் திரும்பிண்டு சாப்பிடுடி” என்பாள். ஆனால் ஒருநாள்கூட எழுந்து வேறு இடத்துக்குப் போனதில்லை.

செடி சேகரிக்கக் கிண்டிப் பக்கமோ பள்ளிக்கரணைப் பக்கமோ எங்களை அழைத்துப் போவார்கள். மற்றவர்கள் பூத்த செடியாகப் பார்த்து ஓடுவார்கள். அவள் மட்டும் குந்தி உட்கார்ந்து லென்ஸை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு புல்லின் கதிரைப் பிரித்துக்கொண்டிருப்பாள். எங்கள் வகுப்பில் புல் என்றால் எல்லோருக்கும் பயம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் கண் வலித்துவிடும். ஏன் இதையே பிடித்துத் தொங்குகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

“பூவை எல்லாரும் பாக்கறா. புல்லை மாடு மட்டுந்தான் பாக்கறது. நாமளாவது பாக்கலாமே” என்றாள்.

அவள் பார்க்கிறாள் என்பதற்காக நானும் பார்த்தேன். அப்படித்தான் எனக்குப் புல் பழக்கமாயிற்று.

கடைசிப் பரீட்சை முடிந்த இரண்டாம் மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்காவில் வேலை பார்ப்பவர். மீனம்பாக்கத்தில் வழியனுப்பப் போனேன். அவளுடைய சொந்தக்காரர்கள் இருபது பேர் சுற்றி நின்றதில் எனக்குக் கிடைத்தது ஒரு கையசைப்புதான். அடுத்த வருஷம் எனக்கும் கல்யாணமாகி அபிராமபுரத்துக்கு வந்தேன். மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியை வேலை கிடைத்தது. தினமும் குளக்கரையைத் தாண்டிப் போகும்போது அவள் வீட்டு மாடி தெரியும். மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருப்பார்கள். அது அவள் இல்லை என்று தெரிந்தும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவேன்.

நீல நிற ஏரோகிராமில் அவள் கடிதங்கள் வரும். பேசுகிற மாதிரியே எழுதுவாள். முதல் வருஷக் கடிதங்களைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும். ‘இங்க தெருவுல நடக்கறவாளே இல்லடி. கார் ஓட்டத் தெரியாதவ ஆத்துக்குள்ளயே கிடக்கணும். ஜன்னல் வழியாப் பார்த்தா வானம் முடியற வரைக்கும் தட்டையா ஒரே சோளக்கொல்லை. அறுத்துட்டா அதுவும் இல்ல. நேத்து நாள் பூரா நான் வாயத் தொறக்கவே இல்லன்னு சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.’ என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் வகுப்பில் பிள்ளைகள் அடித்த கூத்தையெல்லாம் எழுதி அனுப்புவேன்.

பிறகு ஒரு கடிதம் வேறு மாதிரி வந்தது. விளிம்பெல்லாம் எழுதி, மடிக்கிற இடத்திலும் எழுதியிருந்தாள். அந்தப் பிரதேசம் முழுக்க ஒருகாலத்தில் புல்லாக இருந்ததாம். பிரெய்ரி என்று பெயராம். மரமே இல்லாமல் ஆள் உயரத்துக்குப் புல், அதன் வேர் அதைவிட ஆழம். எல்லாவற்றையும் உழுது சோளம் போட்டு முடித்துவிட்டார்கள். இப்போது சிலர் வீட்டுத் தோட்டத்தில் லானைப் பெயர்த்து எடுத்துவிட்டு அந்தப் பழைய புல்லையே வளர்க்கிறார்களாம். அவளும் பின்கட்டு லானில் பாதியைப் பெயர்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து புகார் சொல்லிவிட்டுப் போனார். அவள் கணவருக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: ‘நீயும் அங்க நம்மூர்ப் புல்லா வெச்சு வளத்துப் பாரேன். நான் இங்க, நீ அங்க. ரெண்டு பேரும் ஒரே வேலையப் பண்ணிண்டிருக்கோம்னு இருக்கும். நேக்கு அது போறும்.’

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே, முன்பு வாழை இருந்த இடம் சும்மா கிடந்தது. அங்கே புல் வைக்கப் போகிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். லான் போடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

“லான் இல்லீங்க. காலி மனையில தானா வளருதே, அந்தப் புல்லு.”

“அதை எதுக்கு நாம வளர்க்கணும்? அதுவே வளருதே.”

கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு, “எங்க போகணும் சொல்லு” என்றார்.

தரமணிப் பக்கம் அப்போது வெட்டவெளியாகத்தான் இருந்தது. ஊசிப்புல் அங்கே கிடைத்தது. கே.கே. நகரில் என் அப்பா வீட்டுத் தெருவிலேயே இரண்டு காலி மனையில் மயில்கொண்டைப்புல், ஊதா நிறத்தில் கொண்டை கொண்டையாக. அடையாறு ஆற்றோரம் கொழுக்கட்டைப்புல்லும் நாணலும். மண்ணோடு பெயர்த்துச் சாக்கில் கட்டி, ஸ்கூட்டரில் என் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர், “மாடு வச்சிருக்கீங்களா சார்?” என்று கேட்டேவிட்டார். “ஆமா சார், ரெண்டு” என்றார் என் கணவர்.

எங்கள் தெருவில் மீன் விற்க வருகிறவளுக்கு என் வயதுதான் இருக்கும். பட்டினப்பாக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். அத்தை, அதாவது என் மாமியார், பின்பக்கம்தான் மீன் வாங்கிச் சுத்தம் செய்வார். ஒருநாள் நான் புல்லுக்கு மண் அணைத்துக்கொண்டிருப்பதை மீன்காரி பார்த்துவிட்டாள்.

“இன்னாக்கா பண்ணிக்கினு கீற? ஊரே புடுங்கிப் போடுது, நீ நட்டுக்கினு கீற?”

விஷயத்தைச் சொன்னேன். தோழி, அமெரிக்கா, கடிதம் எல்லாம். கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

“அப்டின்னா எங்காண்ட ஒண்ணு கீதுக்கா. மணல்ல ஓடும். ராவணன் மீசன்னு சொல்லுவோம். கால்ல குத்துச்சு, கண்ல தண்ணி வந்துரும். எத்துக்கினு வரட்டா?”

மறுநாள் மீன் கூடையின் மேலே ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தாள். கடல் மணலும் ஒரு பை கொண்டுவந்திருந்தாள். “அதுக்கு அந்த மண்ணுதான் புடிக்கும்” என்றாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. கார்த்திகையில் புல் என் இடுப்புக்கு வந்துவிட்டது. ஊசிப்புல்லின் கதிர்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு செம்பட்டை முடி மாதிரி தொங்கின. தினைக்குருவிகள் கூட்டமாக வந்து தாளில் உட்கார, தாள் வளைந்து தரையைத் தொடும். குருவி பறந்ததும் நிமிரும். பள்ளியிலிருந்து வந்ததும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு நாளும் பார்த்ததை அவளுக்கு எழுதினேன். அதெல்லாம் உண்மை. அவளும் எழுதினாள். அவள் பக்கம் புல் செம்பு நிறமாகிவிட்டது, இனிப் பனி விழும் என்றாள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பள்ளியிலிருந்து வந்து பின்பக்கக் கதவைத் திறந்தேன். தரை தெரிந்தது.

ஒரு தாள்கூட இல்லை. கொத்திக் கிளறி, பெருக்கி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தது. மதில் ஓரம் சாம்பல். அத்தை சந்தோஷமாகத்தான் வெளியே வந்தார்.

“ஸ்கூலுக்கும் போய்ட்டு வந்து நீயும் அதைக் கொத்திக்கிட்டே இருக்கியே, முடியலையேன்னு ஆள வச்சுச் சுத்தமா எடுத்துட்டேம்மா. எவ்வளவு மண்டிப்போச்சு பாரு! பண்டிகைக்கு இப்பதான் பின்பக்கம் வெளிச்சமா இருக்கு.”

நாங்கள் சாக்கில் கொண்டுவந்ததைத் தோட்டத்துக்கு மண் என்றும், நான் மண் அணைத்ததைக் களை எடுப்பது என்றும் அவர் நினைத்திருக்கிறார். முகத்தில் அத்தனை பிரியம். “சரிங்க அத்தை” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் கணவரிடம் அவர் அம்மாவிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் அந்த இடத்தில் அத்தை கத்தரியும் வெண்டையும் போட்டார்.

அவளுக்கு எழுத வேண்டும். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்குள் அவளுடைய கடிதம் வந்துவிட்டது. ‘பனி மூடிடுத்து. என் புல் எங்க இருக்குன்னே தெரியல. மூணு நாளா வெளில போகல. நீ எழுதினேயே, குருவி உக்காந்தா தாள் வளையறதுன்னு, அதைத் திரும்பத் திரும்பப் படிச்சுண்டிருக்கேன். உன் புல்லை எனக்காகவும் சேத்துப் பாருடி.’

எப்படி எழுதுவது? இந்தப் பனி போகட்டும், வெயில் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ‘புல் நன்றாக இருக்கிறது. இன்று காலை ஏழு குருவிகள்’ என்று எழுதித் தபாலில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் ஊரில் வெயில் வந்தது, நான் சொல்லவில்லை. அந்தக் கோடையில் எங்கள் தெருக் குழாய்களில் தண்ணீர் நின்றுபோய் லாரியில் வந்தது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, லாரி நிழலில் நின்றுகொண்டே அவளுக்கு எழுதுவேன். ஊசிப்புல் மறுபடி பூத்திருக்கிறது என்றேன். நாணலுக்குள் கௌதாரி ஒன்று முட்டையிட்டிருக்கிறது என்றேன். அபிராமபுரத்தில் கௌதாரி! எழுதும்போது எனக்கு அது பொய்யாகவே தோன்றாது. என் மனசில் அந்தப் புல் நிற்கவே நின்றது. உண்மையில் இருந்ததைவிட உயரமாக, மதிலைத் தாண்டி வளர்ந்து நின்றது. அதற்குள் அவளும் இருந்தாள். குந்தி உட்கார்ந்து லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிச் செடிக்கு அத்தை சாணம் போட்டுக்கொண்டிருக்கும்போது, நான் அதே இடத்தில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உண்மையாகவே மறுபடி நட்டிருக்கலாம், அடுத்த மழைக்கு. ஏன் செய்யவில்லை என்று இப்போது யோசித்தாலும் சரியான காரணம் கிடைக்கவில்லை. பெயர்த்து எறிந்த அந்தச் சாயங்காலத்தை மறுபடி பார்க்க பயமாக இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதற்கடுத்த வருஷம் ஆகஸ்டில் கடிதம் வந்தது. கார்த்திகையில் அவள் மைத்துனருக்குக் கல்யாணம். குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்து மூன்று வாரம் சென்னையில் இருப்பாள். தி. நகரில் மாமனார் வீட்டில் தங்குகிறாள். ‘வந்ததும் முதல் வேலை உங்காத்துக்கு வந்து புல்லுக்கு நடுவுல உக்காரப் போறேன். காபி அங்கேயே கொண்டு வந்து குடு.’

சந்தோஷத்தில் குதித்தேன். அடுத்த நிமிஷம் பின்பக்கக் கதவைத் திறந்து கத்தரிப் பாத்தியைப் பார்த்தேன்.

சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கௌதாரி முட்டை வரைக்கும். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“இன்னும் மூணு மாசத்துக்கு மேல இருக்கு. மழையும் வருது. அம்மாகிட்ட நீ பேசு. வண்டிய நான் எடுக்கறேன்.”

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் அன்றைக்கு எடுத்துப் போட்டது களை இல்லை, நான் நட்டது என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. முறம் நின்றுவிட்டது.

“அன்னிக்கே சொல்றதுக்கென்ன?”

“நீங்க எனக்காகத்தானே செஞ்சீங்க.”

“அதுக்காக? ரெண்டு வருஷமா இதை மனசுல வச்சுக்கிட்டா என் கூட உக்காந்து சாப்பிட்டே?”

கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை நான் காபி கொண்டு போனபோது அவர் பின்பக்கம் நின்று, காய்த்துக்கொண்டிருந்த கத்தரிச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தார். “பிஞ்சையெல்லாம் வத்தலுக்குப் போட்டுரலாம்” என்றார்.

மறுபடி தரமணி, மறுபடி ஆற்றோரம். கே.கே. நகரில் ஒரு மனையில் வீடு எழும்பிவிட்டது, இன்னொன்று இருந்தது. மீன்காரிக்கு விஷயம் தெரிந்ததும், “அடப்பாவமே, அந்தக்கா வருதா?” என்று மூன்று நடை ராவணன் மீசை கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்து வீட்டு மாமா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, பாம்பு வரும், கொசு வரும் என்றார். “வந்தா நான் பாத்துக்கறேன். உங்க வீட்டுக்கு அனுப்பமாட்டேன்” என்று பதில் சொன்னவர் அத்தைதான்.

மழை வந்தது. புல் வந்தது. முதல் தடவையைவிட நெருக்கமாக, கருகருவென்று வளர்ந்தது. கார்த்திகை பிறக்கும்போது ஊசிப்புல் கதிர் விட்டுவிட்டது. குருவிகள்கூட வந்தன. கௌதாரிக்கு மட்டும் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அவள் வந்து சேர்ந்த அன்றைக்கே போன் செய்தாள். ஐந்து வருஷம் கழித்துக் கேட்ட குரல். “வந்துட்டேன்டி” என்றாள். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னாள். வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டேன். அத்தை அவளுக்காகவே தனிப் பாத்திரத்தில் சமைத்து வைத்தார். அன்று வீட்டில் மீன் வாங்கவில்லை. பதினொரு மணிக்குப் போன். நாத்தனார்கள் புடவை எடுக்கக் கிளம்பிவிட்டார்கள், அவளும் போயாக வேண்டும். சனிக்கிழமை என்றாள். சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை அவள் குழந்தைக்குக் காய்ச்சல். கல்யாணத்துக்கு நான் போனேன். மேடைக்குக் கீழே கூட்டத்தில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். “ரெண்டே நாள். வந்துடறேன்” என்றாள். யாரோ கூப்பிட்டார்கள், போனாள்.

நான் ஒவ்வொரு நாளும் பள்ளியிலிருந்து வந்ததும் பின்பக்கம் போய்ப் பார்ப்பேன். கதிர்கள் முற்றிக்கொண்டிருந்தன. காற்றடித்தால் விதை உதிர ஆரம்பித்துவிட்டது. இன்னும் நான்கு நாள் தாங்கும், இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று நினைப்பேன். வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டால் அத்தை எனக்கு முன்னால் எழுந்து போய்ப் பார்ப்பார்.

அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மறுபடி போன். குரல் உடைந்திருந்தது. “என்னால வர முடியாது போலருக்கு. மாமியார் ஆத்துல ஏதோ பூஜை வெச்சுட்டா. நீ வாயேன்டி.”

போனை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஒவ்வொரு வகையிலும் நல்ல கதிராகப் பார்த்து ஒரு கை நிறைய வெட்டினேன். பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். ஊசிப்புல் தாளைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து பக்கத்தில் நின்ற அம்மாளின் புடவையில் ஏறிக்கொண்டது. “என்னாம்மா இது, முள்ளு மாதிரி!” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். பனகல் பார்க்கில் இறங்கி, உஸ்மான் ரோடு கூட்டத்தில் அந்தக் கட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வீடு நிறைய ஆட்கள். கூடத்தில் திறந்த பெட்டிகள், ஊறுகாய் பாட்டில்கள், பொட்டலங்கள். என்னைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்து மாடிப்படி ஏறினாள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். இளைத்திருந்தாள். காதோரம் நாலைந்து நரை.

செய்தித்தாளைப் பிரித்தேன். அவள் மூச்சை இழுத்தாள். ஒவ்வொரு கதிராக எடுத்து, விரலில் உருட்டி, அதன் தாவரவியல் பெயரை மெல்லச் சொன்னாள். பிராக்டிகல் பரீட்சையில் சொல்கிற அதே வரிசையில். ஒன்றுகூடத் தப்பவில்லை. ராவணன் மீசையின் பெரிய முள்ளுருண்டையைப் பார்த்ததும் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தேன். “நடுவுல ரெண்டு வருஷம் புல்லே இல்ல. எல்லாம் போயிடுச்சு. நான் எழுதினது…”

“தெரியும்டி” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“மே மாசம் ஊசிப்புல் பூத்திருக்குன்னு எழுதினே. கத்திரி வெயில்ல எந்த ஊசிப்புல்லுடி பூக்கும்? அதுவும் அந்த வருஷம். குடிக்கத் தண்ணி இல்லன்னு எங்கம்மா அதே வாரம் எழுதியிருந்தா. அப்புறம் கௌதாரி வேற.”

“தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?”

அவள் கையிலிருந்த கதிரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கேட்டா நீ எழுதறத நிறுத்திடுவே.”

கீழே தெருவில் பாத்திரக் கடைக்காரன் யாரையோ கூவி அழைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் அழுதோமா என்று கேட்டால், ஆமாம், அழுதோம். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டோம். நேரம் கொஞ்சம்தான் இருந்தது.

“உன் புல் எப்படியிருக்கு?” என்று கேட்டேன்.

“இருக்கு. இந்த வருஷம் என் தலைக்கு மேல போயிடுத்து.” கையிலிருந்த கதிரைச் செய்தித்தாளில் வைத்தாள். “வர்ற சம்மர்ல அங்கேர்ந்து மாறறோம். அவருக்கு வேற ஊர்ல வேலை. ஆத்தை வித்தாச்சு. வாங்கினவா வந்து பார்த்தா. இதையெல்லாம் எடுத்துட்டு லான் போடணும்னு என் முன்னாடியே பேசிண்டா.”

நான் விதைகளைத் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“ஏர்போர்ட்ல எடுத்துடுவா. அப்படியே கொண்டு போனாலும் விதைக்கக் கூடாதுடி. இது அங்க களை.” கவரை என் கையிலேயே வைத்து மூடினாள். “இங்கேயே இருக்கட்டும்.”

கீழேயிருந்து அவள் பெயரைச் சொல்லி இரண்டாவது முறையாக யாரோ கூப்பிட்டார்கள். எழுந்தாள். வெட்டிய கதிர்களை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு தொட்டியின் மேல், காற்றில் பறக்காமல் ஒரு செங்கல்லை வைத்து அடுக்கினாள். “சாயங்காலம் பூஜை முடிஞ்சதும் வந்து இன்னொரு தடவை பாக்கறேன்” என்றாள். வாசல் வரைக்கும் வந்து, நான் தெருமுனை திரும்புகிற வரை நின்றாள். நானும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் முகத்தைப் பார்த்தார். “பாத்தாளா?” என்று கேட்டார். “பாத்தா அத்தை” என்றேன். அவளுக்காக வறுத்து வைத்திருந்த முந்திரிப்பருப்பை டப்பாவில் போட்டு மூடினார்.

மார்ச் மாதம் அவளுக்கு எழுதினேன். புல்லெல்லாம் காய்ந்துவிட்டது, வைக்கோல் நிறமாகக் கிடக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை, குருவிகளும் வருவதில்லை என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். பதில் வர நாலு மாதமாயிற்று. வேறொரு ஊரின் முகவரி, ஏழாவது மாடி. குழந்தைக்குப் பள்ளி, புது வேலைக்குத் தேர்வு, கார் ஓட்டப் பழகியது எல்லாம் எழுதியிருந்தாள். கையெழுத்து விளிம்புவரை போகாமல் நடுவிலேயே முடிந்திருந்தது. புல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

கடிதங்கள் வருஷத்துக்கு இரண்டு என்றாகி, பிறகு புதுவருஷ வாழ்த்து அட்டை என்றாகிவிட்டன. அதில் யார் மேலும் தப்பில்லை. அவளுக்கு அங்கே பேச ஆட்கள் கிடைத்தார்கள் என்பது நல்ல செய்திதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புல் அதற்குப் பிறகும் பத்து வருஷம் இருந்தது. ஐப்பசி மழை விழுந்த நாலாம் நாள் தரையில் பச்சை தெரியும். “உன் சிநேகிதி புல்லு மொளைச்சிருச்சு” என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். கார்த்திகையில் கதிர் விடும். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்ப்பேன். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கும். ஒரு மணி நேரம் போதும். அவசரப்படுத்த யாரும் இல்லாத ஒரு சாயங்காலம், காபி டம்ளரோடு அவள் அங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம். இன்றுவரை அவள் அந்தத் தோட்டத்துக்கு வந்ததில்லை.